மூன்று செவ்வாய், நான்கு பானை

என் மச்சான் அய்யாக்கண்ணு யாரையும் நம்பமாட்டார். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் இருந்த விதம் அது. தீப்பெட்டி வாங்கினால் குச்சியை எண்ணி, எண்ணிக்கையைப் பெட்டியின் அடியில் பென்சிலால் குறித்துவைப்பார். எண்ணெய்ச் சட்டிக்குள் நூல் விட்டு அளந்து பார்ப்பார். என் அக்கா செவந்தியைக் கட்டிய முதல் வருஷம் நான் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, "பையில என்ன மாப்ளே, கனமா இருக்கு?" என்று கேட்டு, வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உள்ளே அக்கா கட்டிக் கொடுத்த அதிரசம் இருந்தது. அதையும் எண்ணினார். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சர்வே இலாகாவில் அவருக்குச் சங்கிலி பிடிக்கிற வேலை. நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். பதினேழு வருஷம் நடந்தார். நார்த்தாமலைப் பக்கத்துப் பாறைக்காடு முதல் சமஸ்தானத்தின் கிழக்கு எல்லை வரை அவர் கால் படாத வரப்பு இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் "அவன் வரப்பை நகர்த்திட்டான், இவன் கல்லைப் பிடுங்கிட்டான்" என்ற பேச்சுதான் காதில் விழும். அதையே கேட்டுக் கேட்டு மனுஷனுக்கு உலகத்தில் எல்லாரும் கல்லைப் பிடுங்குகிறவர்கள் என்று ஆகிவிட்டது. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது ஆள் குறைத்தார்கள். மச்சான் ஊருக்கு வந்து, இருந்த இரண்டு மா நிலத்தில் கடலை போட்டுப் பிழைத்தார். அறுபத்தாறில் போய்ச் சேர்ந்தார். இடையில் ஐம்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் அவருடைய கட்ட விளையாட்டைச் சொல்ல வேண்டும். முகாமில் பொழுது போகாமல் அவரே கண்டுபிடித்தது. தாளில் எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு கட்டம் போடுவார். நாம் ஒரு கட்டத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் மூன்றே கேள்வி கேட்பார். முதலில், குறுக்கு வரிசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, நாலு பங்கில் எந்தப் பங்கு என்பார். அடுத்து, நெடுக்கு வரிசைகளில் எந்தப் பங்கு என்பார். இரண்டும் வெட்டுகிற இடத்தில் நாலு கட்டம் மிஞ்சும். மூன்றாவது கேள்வியில் அந்த நாலில் எது என்று கேட்டு விரலை வைத்துவிடுவார்.

ஒருமுறை அவரைத் தோற்கடித்தே தீருவது என்று, கேள்விக்குக் கேள்வி நான் நினைத்த கட்டத்தை மாற்றிக்கொண்டே போனேன். சொன்ன பதிலுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். அப்போதும் பிடித்துவிட்டார்.

"மாத்துனேல்ல?" என்றார்.

"இல்ல மச்சான்."

"மாத்துனே. நீ மாத்துவேன்னு வச்சுத்தான் கேள்வியே போட்டேன். எதுத்தாப்புல இருக்கறவன் ஏமாத்துறவன்னு நெனச்சுத்தான் ஆரம்பிக்கணும். அவன் எப்படிச் சொன்னாலும் நமக்கு நாலுல மூணு பங்கு கழியணும். இங்கதான் இருக்கும்னு ஒரு கட்டத்து மேல ஆசை வச்சு அதைக் கேட்டே, இல்லைன்னுட்டான்னா ஒண்ணுதான் கழியும். பாக்கி அறுபத்து மூணும் அப்படியே நிக்கும்."

விளையாட்டில்கூட என்னை ஏமாற்றுக்காரனாக வைத்துத்தான் தொடங்கினார் என்பது எனக்குக் கடுப்பாக இருந்தது. ஆனால் உண்மையிலேயே நான் ஏமாற்றித்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் சுனைப்பட்டி குடுமியான்மலைக்கு மேற்கே இருக்கிறது. அப்போது சரியாக அறுபத்து நாலு தலைக்கட்டு, அதாவது கோயில் வரி கொடுக்கும் குடும்பம். ஊருக்குப் பொதுவான பிடாரி அம்மன் கோயிலில் அம்மனின் நகையும் சேலையும் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். பெட்டிச் சாவி வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். ஐம்பத்து நாலில் மச்சான் வீட்டு முறை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து, குளிக்கும்போதுகூடக் கழற்றாமல் திரிந்தார்.

பங்குனித் திருவிழா முடிந்து பூசாரி அம்மனுக்குச் சாத்திய சேலைகளைக் களைந்து சுருட்டிக் கொடுத்தார். தாலியை வேறு துணியில் முடிந்து பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னார். சாவிக்காரர் தாலியைத் தொடக்கூடாது என்பது கோயில் வழக்கம். ஆகவே எதையும் எண்ணுகிற மச்சான் அந்த ஒன்றை மட்டும் எண்ணாமல் பூட்டினார். சேலை மூட்டையைத் துவைப்பதற்காக வீட்டுக்கு எடுத்துப் போனார். சாவிக்காரர் வீட்டுப் பெண்தான் துவைத்துத் தர வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரி பெட்டியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே வெறும் மஞ்சள் கயிற்றுத் துண்டுதான் இருந்தது. இரண்டு பொட்டும் ஒரு குண்டும், ஆக மூன்று பொன் உருப்படி காணோம்.

ஊர் மச்சானைப் பார்த்தது. யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள். சாவி இவரிடம்தானே இருந்தது. மறுநாள் கிணற்றடியில் அக்கா குடத்தை இறக்கிவைத்ததும் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மச்சானுக்குப் பங்காளி முறையான அழகுமலை கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் இடுப்பு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பக்கத்துல ஆளு வாராருப்பா, பார்த்து இருந்துக்கங்க" என்று சிரித்தான். ஒரு வரப்புத் தகராறில் பத்து வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

களவு போனதை மீட்க எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் தலைக்கட்டுக்கு ஒரு சாணி உருண்டை, விளாம்பழம் அளவில், கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுப் பெண் பிடித்துக் கொடுப்பாள், ஆண் சுமந்து வருவான். ஆண் இல்லாத வீட்டில் பெண்ணே சுமந்து வருவாள். வேட்டியை மறைப்பாகக் கட்டி, அதன் பின்னால் பானை வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். எல்லாரும் போட்டதும் உருண்டைகளைத் தண்ணீரில் கரைப்பார்கள். எடுத்தவன் மனம் மாறி உருண்டைக்குள் பொருளை வைத்திருந்தால் வந்துவிடும். யார் உருண்டையில் வந்தது என்று ஊர் கேட்காது. மூன்று செவ்வாய் வரை தவணை. அதற்குள் வராவிட்டால் போலீசுக்குப் போவார்கள்.

நல்ல வழக்கம்தான். ஆனால் மச்சானுக்கு அதில் விமோசனம் இல்லை. பொருள் வந்துவிடும், திருடன் பெயர் வராது. பெயர் வராத வரைக்கும் ஊர் கண்ணில் அவர்தான் திருடன். சாகும்வரை கிணற்றடியில் குடங்கள் விலகிக்கொண்டே இருக்கும்.

அவர் ஊர்த் தலைவரான அம்பலகாரர் ஆண்டியப்பனிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"பட்டியல் வாசிச்சு ஆளைக் கூப்பிடுற வேலையை எனக்குக் குடுங்க, அம்பலாரே. மூணாஞ் செவ்வா சாயங்காலம் கூட்டத்தைப் போடுங்க. பேரைச் சொல்றேன்."

அம்பலகாரர் வெற்றிலையை மென்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். "மை போட்டுப் பாக்கப் போறியாப்பா?"

"அதெல்லாம் இல்லிங்க."

"சொல்லலைன்னா?"

"சாவியைப் பிடுங்கிக்கங்க. என் வீட்டுக்கு இனி முறையே வேணாம்."

சாவி முறையை இழந்த வீடு என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தார். அறுபத்து நாலு கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு தலைக்கட்டின் பெயர். எழுதி முடித்ததும் தன் பெயர் இருந்த கட்டத்தின் மேல் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு அடித்தார்.

திட்டம் இதுதான். ஒரு பானை பதினாறு உருண்டைக்கு மேல் கொள்ளாது. அது நிறைந்ததும் எடுத்துவிட்டு மறைப்புக்குள் அடுத்த பானையை வைக்க வேண்டும். ஆக நாலு பானை. பட்டியலை எந்த வரிசையில் வாசிக்கிறாரோ அந்த வரிசையில் வீடுகள் பானைகளில் விழும். முதல் செவ்வாய் தாளைக் குறுக்காக வாசிப்பார். இரண்டாம் செவ்வாய் நெடுக்காக வாசிப்பார். உருண்டைகளைக் கரைப்பவர்களில் நானும் ஒருவன். எந்தப் பானையில் பொருள் வந்தது என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டும். பானைக்கு அடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சுண்ணாம்புப் புள்ளி வைத்தார்.

"தப்பு மச்சான். யாருன்னு ஊரே கேக்காது. நீங்க கேக்கலாமா?"

"ஊரு என்னையத் தினம் கேக்குது மாப்ளே. வாயால கேக்கல, அவ்வளவுதான்."

"அப்ப அழகுமலையை மட்டும் தனியாப் பிடிங்க. அவனோடதை ஒரு பானையில தனியா விழ வைங்க."

"வரலைன்னா? ஒருத்தன்தான் கழிவான். அவன் மேல எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு மொத செவ்வாயை அழிக்கச் சொல்றியா? மூணு உருப்படி, மூணு செவ்வா. பயந்தவன் ஒவ்வொண்ணாத்தான் விடுவான். மூணையும் ஒரே நாள்ல போட்டுட்டான்னா பதினாறு பேரோட நிப்பேன், அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது."

அக்கா அடுப்படியில் இருந்தாள். எங்கள் பேச்சு அவள் காதுக்கு எட்டக்கூடாது என்று மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொம்பளைக வாயில நிக்காது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் அக்கா வாயில் நிற்காத பேச்சு எதையும் நான் பார்த்ததில்லை. அவள் பேசுவதே அபூர்வம்.

முதல் செவ்வாய் அவர் கணீரென்று வாசித்தார். ஒவ்வொருவராகப் போய்ப் போட்டார்கள். தன் பெயர் வந்ததும் பட்டியலை என்னிடம் தந்துவிட்டு, அக்கா ஆமணக்கு இலையில் வைத்துக் கொடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். பானைகளைக் குளக்கரைக்குக் கொண்டுபோய்க் கரைத்தோம். மூன்று புள்ளிப் பானையில் என் விரலுக்கு ஒரு பொட்டு தட்டுப்பட்டது.

ஒன்றுதான் வந்தது என்றதும் ஊர் கொதித்தது. திருடன் நம்மோடு விளையாடுகிறான் என்றார்கள். எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, மச்சான் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் நினைத்த மாதிரியே ஒவ்வொன்றாக வருகிறது அல்லவா! அந்தச் சிரிப்பை நாற்பது பேர் பார்த்தார்கள். அதற்கப்புறம் கடைக்காரர்கூட அவர் நீட்டிய காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார்.

மூன்றாம் பானையில் விழுந்தவை ஐந்தாம், ஆறாம் குறுக்கு வரிசை வீடுகள். பதினாறு. மற்ற நாற்பத்தெட்டையும் மச்சான் அடித்தார். தன்னுடையது ஏற்கெனவே அடித்தது. மிச்சம் பதினைந்து. அந்த வாரம் முழுக்க அந்தப் பதினைந்து வீடுகளையும் சுற்றி வந்தார். எவன் வீட்டில் கறி வேகிறது, எவன் புது வேட்டி கட்டியிருக்கிறான், எவன் இவரைக் கண்டதும் குனிகிறான் என்று பார்த்தார். எல்லாருமே குனிந்தார்கள். அவர் பார்வை அப்படி.

நானும் அந்த நோயில் விழுந்துவிட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பதினைந்தில் ஒரு வீட்டுக்காரியான விதவை உண்ணாமலை எனக்குச் சின்னம்மா முறை. மோர் வேண்டுமா என்று அவள் வழியில் கேட்டபோது, இவள் ஏன் இன்றைக்கு மோர் கொடுக்கிறாள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. குடித்துவிட்டு வந்தேன், ருசி தெரியவில்லை.

இரண்டாம் செவ்வாய், "போன தடவை கடைசியில நின்னவங்க வெயில்ல வாடிட்டாங்க, இந்தத் தடவை கலந்து கூப்பிடுறேன்" என்று அறிவித்துவிட்டுத் தாளை நெடுக்காக வாசித்தார். நல்ல மனுஷன் என்றுகூட ஒருவர் சொன்னார். இரண்டு புள்ளிப் பானையில் குண்டு வந்தது.

குறுக்கும் நெடுக்கும் வெட்டிய இடத்தில் நாலு கட்டம். அழகுமலை, முத்துராமன், உண்ணாமலை, அடித்திருந்த இவருடைய கட்டம். மச்சான் பென்சிலை அழகுமலை பெயரின் மேல் வைத்து அழுத்தினார். தாள் கிழிந்தது.

"நான் ஆசை வைக்கல மாப்ளே. தானா வந்து நிக்குது பாரு."

"இன்னும் மூணு பேரு இருக்காங்க."

"ரெண்டு பேரு. முத்துராமன் மாசக்கணக்கா முதுகுவலியில படுத்திருக்கான், அவன் மகன்தான் உருண்டை கொண்டாந்தான். உண்ணாமலை பாவம். இருந்தாலும் எல்லாத்தையும் தனித்தனிப் பானையில விழ வைப்பேன். சந்தேகத்துக்கு இடம் குடுக்கக்கூடாது."

அந்த வாரம் ஊரில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பியது. பட்டியல் வாசிக்கிறவனே போகும்போது போட்டுவிட்டு வருகிறான் என்றார்கள். மச்சான் அதைக் கேட்டுச் சிரித்தார். செவ்வாய் சாயங்காலம் வரைதானே என்றார். அம்பலகாரரிடம் போய்க் கூட்டத்தை மறுபடி உறுதி செய்துவிட்டு வந்தார்.

மூன்றாம் செவ்வாய் உண்ணாமலை முதல் பானையில், அழகுமலை இரண்டாம் பானையில், முத்துராமன் மூன்றாவதில், இவர் நாலாவதில் விழுகிற மாதிரி வாசித்தார். குளக்கரையில் நான் முதலில் இரண்டு புள்ளிப் பானையைத்தான் எடுத்தேன். பதினாறு உருண்டையையும் கரைத்தேன். வைக்கோல் துணுக்குதான் இருந்தது. ஒன்றாம் பானையிலும் இல்லை. மூன்றிலும் இல்லை. நாலு புள்ளிப் பானையில் மற்ற பொட்டு வந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். அம்மன் தாலி முழுசாக வந்துவிட்டதே.

நான் மச்சானைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன்.

"பானையை மாத்தி வச்சுட்டே."

"இல்ல மச்சான்."

"அப்ப அழகுமலை வேற எவன்கிட்டயோ குடுத்து விட்டுருக்கான். கூட்டுக் களவு."

"மொத ரெண்டு வாரமும் கணக்கு ஒழுங்கா வந்துச்சே. உங்க விளையாட்டுல நான் மாத்தி மாத்திச் சொன்னப்பவே பிடிச்சீங்களே மச்சான். தாளைப் பாருங்க." நாலாம் பானை என்று வந்தால் எந்தக் கட்டம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நான் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். "இதை யாரு அடிச்சது? எந்தக் கேள்வி கேட்டு அடிச்சீங்க?"

அவர் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உருண்டை சுமந்த கை அது. பிறகு வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

அக்கா கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவர் கேட்கும் முன்னாலேயே பேசினாள்.

"நான் எடுக்கலைங்க. அம்மன் சேலை முந்தியில இருந்துச்சு. கயிறு இத்துப்போயிருந்திருக்கு, பூசாரி சேலையை உருவுறப்ப அந்தப் பிசிறுல மாட்டியிருக்கும், அவரு பாக்காம வெறும் கயிறை முடிஞ்சு வச்சுட்டாரு. நான் வியாழக்கிழமையே தொவைச்சுக் காயப்போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை நகை காணோம்னு சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ச் சேலையை உதறிப் பாத்தேன். ஒரு பொட்டுதான் இருந்துச்சு. மத்ததெல்லாம் தொவைச்ச எடத்துல விழுந்திருக்கு. தெனமும் தண்ணிக்குப் போற சாக்குல கொளத்துப் படித்துறைச் சேத்தைச் சாண் சாணா அளைஞ்சேன். எட்டு நாள் கழிச்சுக் குண்டு கெடச்சுச்சு. நேத்துத்தான் இந்தப் பொட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். அப்படி அவரைப் பார்த்து நான் கண்டதில்லை.

"சொல்லத்தான் பொட்டைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். அன்னைக்கு நீங்க உள்ள வந்ததும் கேட்ட மொதக் கேள்வி என்னங்க? 'தூங்குறப்ப என் இடுப்புச் சாவியைத் தொட்டியா?'ன்னு கேட்டீங்க. அதுக்கு மேல நான் சேலையில இருந்துச்சுன்னா நம்புவீங்களா? பதினஞ்சு வருசமாத் தீக்குச்சிக்குக் கணக்குச் சொல்றவ நான். ஊராவது யாருன்னு கேக்காது. அதான் உருண்டையில வச்சு உங்க கையிலயே குடுத்து விட்டேன்."

மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவரை எனக்குப் பிடிக்காதுதான். ஆனாலும் அன்றைக்கு அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு அவர் பக்கத்தில் வைத்தேன். அறுபத்து மூன்று வீட்டைச் சந்தேகப்பட்டார். பொன்னை மூன்று தடவையும் இவரே சுமந்து போய்ப் போட்டிருக்கிறார்.

வெயில் தாழக் கூட்டத்துக்குத் தப்படித்து அழைத்தார்கள். அக்கா எழுந்து அவர் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

வழியில் நான் அவரிடம் சொன்னேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். "அழகுமலை பேரைச் சொல்லிருங்க மச்சான். எல்லாரும் நம்புவாங்க. தாளைக் காட்டுங்க, ரெண்டாம் பானைன்னு நான் சாட்சி சொல்றேன். அக்கா பேரு வெளிய வரக்கூடாது." அவர் நடந்துகொண்டே கேட்டார். மறுக்கவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஓரமாக நின்றார்கள். அழகுமலை முன்வரிசையில் காலை மடக்கி உட்கார்ந்து மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் பெயர்தான் வரப்போகிறது என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. குற்றம் செய்யாதவன் முகமும் அப்படித்தான் வெளுக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சொல்லுப்பா அய்யாக்கண்ணு" என்றார் அம்பலகாரர். "பேரைச் சொல்றேன்னு கூட்டம் போடச் சொன்னே."

மச்சான் தாளை மடியிலிருந்து எடுத்தார். அழகுமலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளை மறுபடி மடித்தார்.

"என் வீட்டு உருண்டையிலதான் வந்துச்சு. மூணு செவ்வாயும். களவு இல்லிங்க." கயிறு இற்றது, சேலையில் சிக்கியது, துவைக்கிற இடத்தில் விழுந்தது, சேற்றில் தேடியது எல்லாவற்றையும் சொன்னார். அக்கா தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். "என் வாய்க்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல" என்று முடித்தார்.

பின்வரிசையில் ஒருவர், "நல்லாத்தான் ஜோடிச்சிருக்கான்" என்றார். சிரிப்பு எழுந்தது. "முடிச்சு போட்டவன் மேல பழியைப் போடுறியா?" என்று பூசாரி எகிறினார். மூணு வாரம் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்போது கதை சொல்கிறான் என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டு செய்தது என்றார்கள். அம்பலகாரர் கையை நீட்டினார். மச்சான் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. கடைசியில் கயிற்றோடு அறுத்துக் கொடுத்தார். அழகுமலை மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான்.

நாங்கள் மூவரும் குளக்கரை வழியாகத் திரும்பினோம். மச்சான் பாதி வழியில் நின்றார்.

"ஒருத்தன்கூட நம்பல செவந்தி. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. அங்கிட்டு நான் உக்காந்திருந்தா நானும் நம்பியிருக்க மாட்டேன்."

"நீங்க நம்புறீங்களா?" என்றாள் அக்கா.

"நம்புறேன்." யோசிக்காமல் சொன்னார். அவர் அப்படி யோசிக்காமல் ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ நம்புறியாடா நாகராசு?"

என்னுடன் பிறந்தவள். அம்மா போனபின் எனக்குச் சோறு ஊட்டியவள். நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று காலையில் என் விரலில் தட்டுப்பட்ட பொட்டு என் மனதில் வந்து நின்றது. மூன்று வாரம் சேற்றில் கிடந்த பொருள் அவ்வளவு பளிச்சென்று இருக்குமா? சாணியில் கரைத்ததில் சேறு போயிருக்கலாம். அவளே கழுவி வைத்திருக்கலாம். அம்மன் பொருளைக் கழுவாமல் வைப்பாளா? இவ்வளவும் எனக்குள் ஓடி முடிந்த பிறகு, "நம்புறேன்க்கா" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். ஒரு நாளும் அதைப்பற்றி என்னிடம் பேசவில்லை. அக்காவும் அந்தக் கேள்வியை என்னிடம் மறுபடி கேட்கவில்லை.